விதாத்தின் புது உதடு

"உதடு நல்லாப் பெருசா வேணும் டாக்டர். சாப்பாட்டு மேசைக்கு அந்தக் கோடியில உக்காந்து பாத்தாலும் பளிச்சுன்னு தெரியணும்" என்றாள் விதாத்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பெய்ரூட்டில் பாதிப் பெண்களின் உதடு அவர் கைபட்டதுதான். எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்று: போட்டுக்கொண்டது வெளியே தெரியக் கூடாது.

"இந்த வயசுக்குக் கொஞ்சமாப் போட்டாப் போதும்மா."

"கொஞ்சம்னா நான் எதுக்கு வரணும்? எத்தனை நாள் நிக்கும்?"

"இது ஒரு வருஷம் தாங்கும்."

"அதுக்கு மேல தாங்கறது இல்லையா?"

பக்கத்தில் நின்ற மகள் ரிந்தலாவுக்கு மானம் போயிற்று. "எழுபது வயசுல யாருக்கும்மா இந்த மினுக்கு? தெருவே கைகொட்டிச் சிரிக்கும்."

"நீ ரெண்டு தடவை போட்டுக்கிட்டப்ப நான் கேட்டேனா?"

ரிந்தலா தன் தடித்த உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீக்கம் வடிந்ததும், காலைக் காபிக்குப் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் புதுப் பெண்டாட்டி வந்தாச்சு போல" என்றாள் ஒருத்தி.

"ஆமா. பழையவளைத் தள்ளி வெச்சாச்சு" என்று விதாத் காபியை ஊற்றினாள்.

ரிந்தலாவுக்குத்தான் வயிறு எரிந்தது. அப்பா ஹிக்மத்துக்குப் போன வருஷம் காது அடியோடு போய்விட்டது. மெஷின் வைத்தும் பலனில்லை. ஊரையே சிரிக்க வைத்த மனுஷன், இப்போது யார் என்ன கேட்டாலும் வெறுமனே தலையாட்டுவார். சாப்பிட்டதும் எழுந்து பால்கனிக்குப் போய்த் தனியே உட்கார்ந்துவிடுவார். அவர் இப்படிக் கிடக்கும்போது அம்மாவுக்கு அலங்காரம் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம். முஜத்தரா என்ற பயறுச் சோற்றின் மேல் வறுத்த வெங்காயத்தைத் தூவி, அப்பா முன்னால் வைத்தாள் விதாத். அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"வெங்காயம் எப்படி இருக்கு?" என்று சாதாரணக் குரலில் கேட்டாள்.

"கத்தினாலே கேக்காது. நீ வேற" என்று முணுமுணுத்தாள் ரிந்தலா.

அப்பாவின் கரண்டி பாதியில் நின்றது. அம்மாவின் வாயையே உற்றுப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"வெங்காயம் கருகிடுச்சு" என்றார். "இத்தனை நாளா உன் உதடு நூலாட்டம் இருந்துது, விதாத். இப்பதான் நீ பேசறது தெரியுது."