கியர்பாக்ஸுக்கு விழுந்த மாலை

ஆயுத பூஜைக்குக் காளியண்ணன் தன் காரின் முகமே மறையும்படி சாமந்தி மாலையை இரட்டை வரிசையாகக் கட்டியிருந்தார். மறுநாள் கார் அந்த மாலையோடே மலையேறியது. மாலை தனக்குத்தான் விழுந்தது என்று கியர்பாக்ஸுக்கு நினைப்பு. தானாகவே கியர் மாற்றுகிற ரகம் அது, பெருமைக்குக் கேட்கவா வேண்டும்!

கியர்பாக்ஸின் சூட்டைக் காட்டுவது டாஷ்போர்டு முள்ளின் வேலை. ஆறாவது வளைவிலேயே முள்ளுக்குப் பகீரென்றது.

"அண்ணே, உங்க எண்ணெய் கொதிக்குது. அது முன்னாடி இருக்கிற கூலருக்குப் போய்க் காத்துல ஆறி வரணும். மாலை காத்தை மறைக்குது."

"சும்மா இரு. போட்ட மாலையை உடனே கழட்டினா மரியாதையா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிற லட்சணமா இது? இங்க வரைக்கும் தீயுற வாசனை அடிக்குதே!"

"நீ சிவப்புக்குப் போனே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

முள் ஒரு நொடி தயங்கியது. பேசாவிட்டால் போகட்டும், ஆள் வெந்துபோகக் கூடாதே என்று சிவப்புக்கு எகிறியது.

காளியண்ணன் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார். முன்னால் வந்து பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டு மாலையை அறுத்தெடுத்தார். மலைக்காற்று சிலுசிலுவென்று கூலருக்குள் புகுந்தது. சாமந்தியை ஓர் ஆடு ரசித்து மென்றது.

எண்ணெய் ஆறியதும் கியர்பாக்ஸ் மெதுவாகக் கூப்பிட்டது.

"தம்பி, நீ சொன்னது சரிதான். மாலையெல்லாம் நமக்கு ஒத்துவராது."

முள்ளுக்கு உச்சி குளிர்ந்தது.

"அடுத்த வருஷம் ஒரு சால்வை போர்த்தினாப் போதும்," என்றது கியர்பாக்ஸ்.