மூன்று பீரோ அகலக் கம்ப்யூட்டர்

"இது என்னம்மா, பீரோவா?" பழைய இரும்பு வாங்குகிறவர் கேட்டார்.

"கம்ப்யூட்டர்."

அவர் சந்தேகமாக ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். மூன்று பீரோவை ஒட்டி நிறுத்தின அகலம். விருந்தாளி அறையில் ஒரு கட்டில் போட இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றது.

ஆபீசில் கழித்துக் கட்டியதை, ரிட்டயரான கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்தவர் அவள் கணவர். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பார். அவளுக்கு ஜுரம் வந்தபோதுகூட நெற்றியை அப்படித் துடைத்ததில்லை.

"கடைசியா ஒரு தடவை யோசிச்சுக்கோ," என்றார் கணவர்.

"மூணு வருஷமா யோசிச்சாச்சு. கைக்குள்ள அடங்குற போன் இதைவிட ஆயிரம் மடங்கு வேலை செய்யுது. இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க. தூக்குங்கப்பா."

ஆள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். தூக்கின வேகத்தில் பின்னால் சாய்ந்து சுவரில் மோதினார்கள்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. வெறும் கூடு."

அவளுக்கே பாவமாகிவிட்டது. "ஏமாத்திட்டாங்களா உங்களை?"

"சேச்சே. நான்தான் உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டுக் கொடுங்கன்னேன். மாடி ஏத்தணுமில்ல."

"வெறும் தகரத்தையா துடைச்சீங்க? எதுக்கு?"

பதில் வருவதற்குள் போன் அடித்தது. அவருடைய அக்கா. ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கம் நீட்டினார்.

"ஏண்டா, அந்த மெஷின் இன்னிக்குப் போகுதாமே? உன்னைக் கண்டிக்கச் சொல்லி காலையில உன் பொண்டாட்டி போன் பண்ணினா. நல்லதாப் போச்சு. வரட்டுமா வரட்டுமான்னு நானும் மூணு வருஷமா கேக்குறேன், ரூம்ல மெஷின் நிக்குதுன்னே சொல்லிட்டிருந்தே. வெள்ளிக்கிழமை பெட்டியோட வந்துடுறேன். இனி என் காலம் உங்களோடதான்."

போன தடவை அந்த அம்மாள் இருந்தது எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் தன் அடுப்பைப் பற்றவைக்கவே இவள் உத்தரவு கேட்க வேண்டியிருந்தது.

கணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனை வாங்கிக்கொண்டு, மறு கையால் ஆட்களுக்குச் சைகை காட்டினாள். இறக்கி வையுங்கள்.

"மெஷின் எங்க போச்சு, அண்ணி? தொடக்கூட விடமாட்டேங்குறார் உங்க தம்பி. போதாததுக்கு ஹாலுக்கு இன்னொண்ணு வேற சொல்லி வெச்சிருக்காராம்."