கோழிக்கூட்டுக்குக் கீழே

சின்னத்தைக் காணவில்லை.

லவீனா பெட்டியை மறுபடியும் கட்டிலில் கவிழ்த்தாள். மிளகாய்த்தூள் பை விழுந்தது. ஒடியல் மாப் பை விழுந்தது. பெட்டியின் அடியிலிருந்து பச்சைக் கோட்டு விழுந்தது. கோட்டின் கையில் தைக்க வேண்டிய துணிச் சின்னம் மட்டும் இல்லை.

வெளியே, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் வந்து நின்றுவிட்டது. சாரதி கொலின்ஸ் ஹோர்ன் அடித்தான்.

"அக்கா, வான் நிக்கும், பிளேன் நிக்காது!"

"வாறாள் தம்பி! உந்தக் கோதாரி விழுந்த ஹோர்னை விடு!" குசினியிலிருந்து அம்மா பெர்னடெட் கத்தினாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற துணிதான். குறுக்கும் மறுக்குமாக இரண்டு துவக்கு, மேலே ஒரு கிரீடம். கனடாவில், கிழமை நாட்களில் பல் வைத்தியரிடம் வேலை, சனி ஞாயிறில் அந்த நாட்டு இராணுவத்தில் பயிற்சி என்று இருக்கிறவள் லவீனா. பனி கொட்டுகிற மைதானத்தில் வயிற்றோடு படுத்து, விரல் விறைக்க விறைக்க, மூச்சை அரைவாசியில் நிறுத்தி நிறுத்தி, குறி தப்பாமல் சுட்டு வாங்கியது அது.

அவளுடைய படையணியில் ஒரு வழக்கம் உண்டு. கேணல் சின்னத்தைக் கையில்தான் தருவார். உடுப்பில் தைப்பது வீட்டுக்காரரின் வேலை. அன்றைக்கு மற்றவர்களுக்கெல்லாம் தாயோ மனைவியோ ஊசி நூலோடு வந்திருந்தார்கள். உனக்கு யார் என்று கேணல் கேட்டார். அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா, அவ தைப்பா என்று சொல்லிவிட்டு, சின்னத்தை அப்படியே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

அம்மா குருநகரின் பாதிப் பிள்ளைகளுக்கு, தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கப் போடுகிற உடுப்புத் தைத்தவள். அவள் தையலில் ஒரு சுருக்கம் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

வந்து இறங்கிய அன்றே லவீனா இரண்டையும் அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா கோட்டுத் துணியைத் தடவிப் பார்த்தாள். நல்ல துணி என்றாள். சின்னத்தைத் தொடவில்லை.

"பாப்பம்."

லீவு முழுக்கப் பாப்பம்தான்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள்தானே எடுத்தனீங்கள்?"

அம்மா சோட்டியின் ஓரத்தால் கையைத் துடைத்தாள்.

"நேற்று ஜீப் வந்ததெல்லே."

வந்தது உண்மைதான். நேற்றுப் பின்னேரம் ஒழுங்கை முகப்பில் ஒரு நேவி ஜீப் நின்றது. நல்ல நண்டு எங்கே வாங்கலாம் என்று கேட்டுவிட்டுப் போனது.

"அவங்கள் நண்டுக்கு வந்தவங்கள் அம்மா!"

"அது அவங்கள் போன பிறகுதானே எனக்குத் தெரியும்."

லவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள்.

இரண்டு பேருமாகக் கோழிக்கூட்டை நகர்த்தினார்கள். உள்ளே கோழிகள் ஏசின. அம்மா குந்தியிருந்து சிரட்டையால் மண்ணை வழித்தாள். இடத்தைத் தேடவேயில்லை, கைக்குத் தெரிந்திருந்தது.

ஜாம் போத்தல் வந்தது. உள்ளே, பொலித்தீனில் சுற்றியபடி, சின்னம்.

லவீனா அதை வாங்கிக்கொண்டு எழும்பினாள். அம்மா எழும்பவில்லை. இன்னும் வழித்துக்கொண்டிருந்தாள்.

கீழே இன்னொரு போத்தல் இருந்தது.

மூடி கறள் பிடித்து இறுகியிருந்தது. அம்மா போத்தலைக் கிணற்றுக் கட்டில் ஒரு தட்டுத் தட்டி உடைத்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து, பூப்போல மடித்து ஊக்குக் குத்திய ஒரு சிவப்பு ரிபன்.

"கொண்ணையின்ரை. சுபாசின்ரை."

லவீனா மூச்சை அரைவாசியில் நிறுத்தினாள்.

சுபாஸ் அண்ணை பாண் வாங்கச் சந்திக்குப் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. பிறகு யாரோ சைக்கிளை மட்டும் உருட்டிக்கொண்டு வந்து தந்தார்கள்.

"கோயில் பெருநாளிலை, காத்துத் துவக்காலை பலூன் சுடுற கடை ஒண்டு போட்டவங்கள். அவன் ஒண்டும் தப்பவிடேல்லை. உனக்கொரு பொம்மை, தனக்கு இது. பங்குச் சுவாமிதான் குத்திவிட்டவர்."

பொம்மை லவீனாவுக்கு நினைவிருந்தது. கண்ணை மூடித் திறக்கிற பொம்மை. அது எப்படி வந்ததென்று நினைவில்லை.

"நெஞ்சிலை குத்திக்கொண்டு ஊரெல்லாம் திரிஞ்சான். சுபாஸ் குறி வைச்சால் தப்பாதாம் எண்டு சந்தியெல்லாம் ஒரே கதை. அந்த நாளையிலை அப்பிடிக் கதைக்கலாமே? கழட்டிக்கொண்டு வந்து புதைச்சன். நான் புதைக்க முதலே கதை ஆமிக் காம்புக்குப் போயிட்டுது." அம்மா ரிபனில் ஒட்டிய மண்ணை ஊதினாள். "உன்ரையை எண்டாலும் நேரத்துக்குப் புதைப்பம் எண்டுதான்…"

ஒழுங்கையில் ஹோர்ன் கேட்டது. இந்த முறை அம்மா ஏசவில்லை.

உள்ளே போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். ஊசியில் நூல் கோத்தாள். கோட்டின் கையை மடியில் விரித்தாள். கறள் பிடித்த ஊக்கைக் கழற்றி, ரிபனை விரலால் நீவி நீவிச் சின்னதாக மடித்து, அந்தக் கையில் வைத்தாள். அதற்கு மேலே, மூடினாற்போல, சின்னத்தை வைத்தாள்.

சுற்றிவரத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கிரீடத்துக்குக் கீழே, இரண்டு துவக்குகளும் குறுக்கிடும் இடத்தில், துணி மெல்லப் புடைத்து நின்றது.

லவீனா அதைத் தடவினாள்.

"பரேட்டிலை கேணல் கிட்ட வந்து பாப்பார் அம்மா. என்ன இது, புடைச்சு நிக்குது எண்டு கேட்டால்?"

"கேக்கட்டுமன். கொம்மாவுக்குத் தைக்கத் தெரியாது எண்டு சொல்லு."