வில்லையைச் சுற்றி விழுந்த வட்டம்

ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மருந்து வில்லை இருந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைத் தட்டில் பரப்பி, நடுவில் அதை வைப்பார்கள். அதற்குப் பயந்து கிருமிகள் ஒதுங்கிக்கொள்ள, சுற்றிலும் ஒரு வெற்று வட்டம் விழும். அந்த வட்டத்தை அளப்பது அளவுகோலின் வேலை.

"போன வருஷத்தைவிட வட்டம் சின்னதாயிடுச்சு," என்றது அளவுகோல் ஒருநாள்.

வில்லைக்குச் சுருக்கென்றது. "உனக்குக் கண்ணு சரியில்ல. ஒரு தும்மல் வந்தாகூட ஊரே மெடிக்கல் ஷாப்புல என்னைத்தான் கேட்டு வாங்குது, தெரியுமா?"

"அதனாலதான்! தினமும் பார்த்துப் பார்த்து கிருமிக்கு உன்மேல இருந்த பயம் விட்டுப்போச்சு."

அன்றிலிருந்து வில்லை அளவுகோலோடு பேசுவதையே விட்டுவிட்டது. ஆனால் வட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, கடைசியில் கிருமிகள் வில்லையின் தோளிலேயே கைபோட்டு நின்றன. டாக்டர்கள் அந்த மருந்தை எழுதுவதை விட்டார்கள். ஊரும் மறந்துபோனது. பரிசோதனைத் தட்டில் மட்டும் அவ்வப்போது வைத்துப் பார்த்தார்கள். வெட்கத்தில் வில்லை அளவுகோலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு காலையில் தட்டைத் திறந்தால், வில்லையின் முகத்தையே பார்த்திராத புதுக் கிருமிகள் அலறியடித்து விலகியிருந்தன.

"அண்ணே, கொஞ்சம் வந்து அளந்து பாருங்களேன்," என்று வில்லையே கூப்பிட்டது.

அளவுகோல் நிதானமாக அளந்தது. "பழையபடி ஆயிட்டியே தம்பி! ஊருக்கெல்லாம் சொல்லிடலாமா?"

"ஐயையோ! டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுங்கண்ணே," என்றது வில்லை. "மெடிக்கல் ஷாப்புக்குத் தெரியவே வேண்டாம்."