மூன்றாவது பெட்டி

சங்கரன்கோவிலில் அன்று பிரசிடென்ட் தேர்தல். வேட்பாளருக்கு ஒன்றாக, சின்னம் ஒட்டிய மூன்று ஓட்டுப்பெட்டிகள். ஓட்டுப் போடக் கிளம்பும்போதே வெள்ளத்துரைக்கும் மனைவி கோமதித்தாய்க்கும் தகராறு.

“ஏட்டி, சைக்கிளுக்கும் தராசுக்கும்தான் போட்டி. நாலஞ்சு ஓட்டுலதான் முடியும். குடைப் பெட்டியில போட்டு வீணாக்காத. தராசுக்காரன் ஜெயிச்சான்னா நம்ம தெருக் கிணத்தத் தூர்வாரவே மாட்டான், சொல்லிட்டேன்.”

“நான் குடைக்குத்தான் போடுவேன்.”

“அவனுக்கு டெபாசிட்டே தேறாது.”

“தேறாட்டி போகட்டும். வேகாத வெயில்ல வீடு வீடா அலைஞ்ச மனுசன், பாவம்.”

“நானே சைக்கிளுக்குத்தான் போடப் போறேன்.”

“போடுங்க. நான் போட மாட்டேன்.”

வெள்ளத்துரை நடுத்தெருவில் நின்றுவிட்டார். “அந்தக் குடைக்காரன் மேல உனக்கு அப்படி என்னட்டி பாசம்?”

கோமதித்தாய் அவர் தோளில் நழுவிய துண்டைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“எலெக்‌ஷன்ல நிக்க வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியளா? நாளைக்கு உங்க குடைப் பெட்டியத் திறக்கும்போது காலியாக் கிடந்தா ஊரே சிரிக்கும். தோக்குறதுதான் தோக்கிய, பொண்டாட்டி ஓட்டோட தோத்துட்டு வாங்க.”