மூன்று வயது அழுகை

வீட்டிலிருந்தபடியே விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவள் தமயந்தி. அன்று கேட்டிருந்தது மூன்று வயதுக் குழந்தையின் அழுகை. இவளே அழுது அனுப்பியதை, "பெரியவங்க குரல்னு தெரியுதே மேடம்" என்று திருப்பிவிட்டார்கள். மூன்று மணிக்குள் அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பக்கத்தில் மகள் ஆதிரை பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தமயந்தி மைக்கை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பிரமாதம் மேடம்! கொஞ்சம் நீளமா இன்னொண்ணு கிடைக்குமா?" என்று உடனே பதில் வந்தது.

குழந்தைக்கு விசும்பல் இன்னும் அடங்கவில்லை. அவளை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டு, "கடைசியா ஒண்ணே ஒண்ணுடி தங்கம்" என்றாள்.

ஆதிரை மூக்கைத் துடைத்துக்கொண்டு மற்றொரு கையை நீட்டினாள்.

"இதுல கிள்ளும்மா. அதுல வலிக்குது."