மூன்றாவது கோலம்

கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டியபோதுதான் முதல் காவிக்கோடு தெரிந்தது.

அவர் கை நின்றது.

பிறகு மீதியையும் சுருட்டினார்.

மகன் அருள்நம்பி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். கம்பளம் கிடக்கிற இடத்தை விட்டுவிடுங்கள், சனிக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவருக்கு அரைகுறை வேலை ஆகாது. பத்து நாளாக மகன் வீட்டுக் கொல்லைப்புற மரத்தளத்தின் பழைய சாயத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். அமெரிக்கப் பனியும் வெயிலும் தின்ற மரம் வெளுத்து, புதிதாக அறுத்தது போல மணத்தது. நடுவில் மட்டும் ஒரு சதுரத்தை அழுக்காக விட்டுவைப்பதா?

கோலம்.

அரிசிமாவு போயிருந்தது. காவி மட்டும் மரத்துக்குள் இறங்கியிருந்தது.

நடுவில் செங்கல் அடுக்கிய தடம். உள்ளே கருகல். மணல் பரப்பியும் சூடு இறங்கியிருக்கிறது. சுற்றிலும் நெய் ஊறிய கறை.

கிழக்கே பார்த்து இரண்டு மணைக்கோலங்கள், அருகருகே.

ஓரத்தில் செம்புக் குடங்கள் இருந்த வளையங்கள். மூன்று வரிசை.

இது இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வந்ததல்ல. அது ஆறு வருடத்துக்கு முன்னால், ஹாலில் நடந்தது. அவரே முன்னால் நின்று நடத்தினார்.

கோலத்தின் சுழிகளைப் பார்த்தார். எல்லாம் இடது பக்கமாகச் சுழித்திருந்தன.

அவர் மனைவி வேதவல்லிக்கு இடக்கைப் பழக்கம்.

அவள் இங்கே தனியாக வந்தது ஒரே தடவை. இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதம். மருமகளுக்கு முதுகுவலி, கூடமாட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அவர்தான் கும்பகோணத்திலிருந்து சென்னை வரை கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட்டார். தலையணை உறை முதற்கொண்டு எடுத்துவைத்தார்.

ஆனி. குரோதி வருடம்.

குரோதியில், ஆனியில் பிறந்தவன் அவருக்குத் தெரிந்து ஒருவன்தான். பிறந்த வருடம் சுற்றி வந்தால் அறுபது.

அறுபதாம் கல்யாணம்.

அவருடைய தம்பி சொக்கலிங்கம்.

பலகை இடுக்கில் கத்தி முனையை விட்டு நெம்பினார். மஞ்சள் அரிசி நாலைந்து வந்தது.

அப்பா இறந்தபோது, தம்பி வரட்டும் என்று ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்துக் காத்திருந்தார். தம்பி வரவில்லை. அவன் மைத்துனன் வீட்டில் கல்யாணம். சாவுத் தீட்டோடு பந்தலில் நிற்க முடியாது. சேதியே காதில் விழாதவன் போலச் சென்னையில் இருந்துவிட்டான். பதினாறாம் நாள் சபையில் வைத்து அவர் சொன்னார், எங்கள் அப்பாவுக்கு ஒரே பிள்ளை என்று. அவனுக்கும் இந்த வீட்டுக்கும் இனி நல்லது கெட்டது கிடையாது என்று.

பதின்மூன்று வருடம் அந்தச் சொல்லைக் காத்தார். உறவில் எத்தனையோ கல்யாணங்களில், முன்வரிசையில் தம்பி தலையைப் பார்த்ததும் கை நனைக்காமல் எழுந்து வந்திருக்கிறார். அவர் வீட்டில் ஒரே சொல் என்று ஊரில் பேச்சு.

திருக்கடையூரில் வைத்திருந்தால் அன்று சாயங்காலமே அவர் காதுக்கு வந்திருக்கும். அதனால் கடல் தாண்டி வந்து செய்திருக்கிறார்கள். அவர் மகன் வீட்டில். அவர் மனைவி போட்ட கோலத்தில்.

முட்டி வலிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மணைகளுக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, மூன்றாவதாக ஒரு சின்னக் கோலம் இருந்தது. அதற்கும் காவி கட்டியிருந்தது. ஆள் உட்கார இடம் போதாது. அது எதற்கு என்று மட்டும் விளங்கவில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வேதவல்லி காப்பியோடு வந்தாள். சுருட்டிய கம்பளத்தைப் பார்த்தாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அவர் விரலை நீட்டி அந்தச் சின்னக் கோலத்தைக் காட்டினார்.

"அண்ணன் கால்ல விழாம மணையில உக்கார மாட்டேன்னுட்டாரு தம்பி. உங்க செருப்பு இங்க இருந்துச்சு. அத வச்சோம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது விட்டுப்போன தோல் செருப்பு. இந்தத் தடவை வந்ததும் அலமாரியில் கிடைத்தது, வெள்ளைத் துணியில் சுற்றி. வாரில் மஞ்சள் ஏறியிருந்தது. பூசணம் என்று நினைத்து இரண்டு தடவை துடைத்தார். போகவில்லை. பழசுதானே என்று வேலைக்கு அதையே போட்டுக்கொண்டிருந்தார்.

தூங்குகிறவன் கட்டைவிரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்கியது போல, அவர் ஆசீர்வாதத்தை வாங்கியிருக்கிறார்கள்.

உப்புத்தாளை எடுத்தார். வைத்துவிட்டார்.

சாய டின்னைத் திறந்து கலக்கினார். காப்பி ஆறிப்போயிருந்தது.

செருப்பைக் கழற்றினார். மூன்றாவது கோலத்தின் மேல் ஜோடியாக வைத்தார். மணைகளைப் பார்த்து.

சற்று நின்றார்.

குனிந்து, இரண்டையும் திருப்பி வைத்தார். குதிகால் பக்கம் மணைகளுக்கு, முதுகு காட்டி நிற்கிறவர் போல.

பிறகு கோடி மூலையிலிருந்து பூசத் தொடங்கினார். பலகை பலகையாக, பின்னால் நகர்ந்து நகர்ந்து. காவிக்கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நெய் ஊறிய இடத்தில் மட்டும் சாயம் நிற்கவில்லை. திரண்டு ஒதுங்கியது. மேலே இன்னொரு பூச்சு கொடுத்தார். அதற்கு மேலும் ஒன்று. நிற்கவில்லை. விட்டுவிட்டார். செருப்பைச் சுற்றி மட்டும், வாரில் ஒரு சொட்டுப் படாமல், தூரிகை முனையால் பூசினார்.

வேலை முடிந்தபோது கதவடியில் வெறுங்காலோடு நின்றார்.

சாயங்காலம் வந்த அருள்நம்பி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அம்மாவோடு நின்று வெகுநேரம் அந்தச் செருப்பையே பார்த்தான்.

தளம் ஈரமாகப் பளபளத்தது. காய இரண்டு நாள் ஆகும் என்று டின்னில் போட்டிருந்தது.

அதுவரை யாரும் கால் வைக்க முடியாது.